மேசை ரம்பத்துக்குத் தனியாக ஒரு மைட்டர் கேஜ்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிச் சரிசெய்வது

மைட்டர் கேஜ் என்பது, மேசை ரம்பத்தின் மேற்பரப்பில் உள்ள நீளப் பள்ளமான காடியில் ஒரு பட்டையால் ஓடி, மரத்தை வேண்டிய கோணத்தில் பிடித்துப் பிளேடை நோக்கித் தள்ள உதவும் கருவி. மேசை ரம்பம் வாங்கும்போது பெட்டிக்குள் கூடவே வரும் மைட்டர் கேஜைப் பலரும் சில நாள் பயன்படுத்திவிட்டு மூலையில் போட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மெல்லிய பட்டை, உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தலை, கோட்டின் தடிமனே அரைப் பாகைக்கு வந்துவிடும் அளவுக்குத் தடித்த அச்சு ஆகியவற்றை வைத்துக்கொண்டு பலகையைக் குறுக்கே அறுத்துவிடலாம். ஆனால் ஒரு படச் சட்டத்தின் நான்கு மூலைகளையும் வெளிச்சம் தெரியாமல் மூட வைப்பது அரிது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், வீட்டுக்குப் பின்னால் கூரை இறக்கிக் கட்டிய சிறு பட்டறையில் நான் செய்வது பெரும்பாலும் இந்த வகை வேலைதான்: சாமிப் படங்களுக்குச் சட்டம், வீட்டுப் பூஜை மாடம், எப்போதாவது தோட்டத்துக் கோயிலுக்கு எண்கோணத்தில் ஒரு விளக்குப் பீடம். இவை எல்லாமே சாய்வு வெட்டை நம்பி நிற்பவை என்பதால், தனியாக விற்கப்படும் மைட்டர் கேஜ் ஒன்றை வாங்க நினைப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்ற கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லிவிடும். நான்கு மூலைச் சட்டம் ஒன்றுக்கு எட்டு வெட்டுகள் உண்டு. ஒவ்வொரு வெட்டும் 45 பாகைக்குப் பதில் 44.9 பாகையாக இருந்தால், முதல் மூன்று மூலைகளை இறுக்கி ஒட்டிய பிறகு, எட்டு வெட்டுகளின் பிழையும் ஒன்றாகச் சேர்ந்து கடைசி மூலையில் 0.8 பாகையாக வந்து நிற்கும். சட்டத்தின் அகலம் 60 மில்லிமீட்டர் என்றால் சாய்வு விளிம்பின் நீளம் ஏறத்தாழ 85 மில்லிமீட்டர். அந்த நீளத்தில் 0.8 பாகை என்பது ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமான இடைவெளி. கண்ணுக்கு நன்றாகவே தெரியும். எண்கோணத்துக்குப் பதினாறு வெட்டுகள் என்பதால் அதே பிழை இரண்டு மடங்காகும். ஆகவே பத்தில் ஒரு பாகை என்பது நமக்குச் சின்ன விஷயம் அல்ல. கடையில் விற்கும் டிஜிட்டல் கோணமானிகள் பொதுவாக 0.2 அல்லது 0.3 பாகை வரை முன்பின் காட்டக்கூடியவை என்பதால், அவற்றை வைத்து மைட்டர் கேஜைச் சரிபார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

விளம்பரப் படங்களில் முதலில் கண்ணைக் கவர்வது தலையில் இருக்கும் பாகை எண்களும் பளபளக்கும் வண்ணமும்தான். எங்கள் ஊரில் பல வீடுகளுக்குக் கதவும் சன்னலும் செய்து கொடுத்த ஆசாரி ஐயா ஒருவரிடம் கைப்பேசியில் அப்படி ஒரு படத்தைக் காட்டியபோது, “தம்பி, நம்பர் எல்லாம் அப்புறம் பாரு, முதல்ல அது காடியில ஆடுதா இல்லையா, அதச் சொல்லு” என்றார். அவர் இப்படிப்பட்ட கேஜ் எதையும் பயன்படுத்தியவர் அல்லர். ஆனாலும் விஷயத்தின் வேர் அதுதான்.

மேசையின் காடிக்கும் அதில் ஓடும் பட்டைக்கும் நடுவே இருக்கும் தளர்வு நேராகக் கோணப் பிழையாக மாறுகிறது. தளர்வு 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பட்டையில் 400 மில்லிமீட்டர் நீளம் காடிக்குள் இருந்தால், அந்தத் தளர்வால் தலை திரும்பக்கூடிய அளவு 0.03 பாகைக்கும் குறைவு, கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் சற்று அகலமான பலகையை வெட்டத் தொடங்கும்போது, பலகை பிளேடைத் தொடாமல் இருப்பதற்காக கேஜை நம் பக்கம் இழுத்துக்கொள்கிறோம். அப்போது பட்டையின் பெரும்பகுதி மேசைக்கு வெளியே வந்துவிடும். காடிக்குள் 100 மில்லிமீட்டர் மட்டுமே மிஞ்சியிருந்தால், அதே 0.2 மில்லிமீட்டர் தளர்வு 0.11 பாகையாகிவிடுகிறது. வெட்டு தொடங்கும் இடத்தில் ஒரு கோணம், முடியும் இடத்தில் வேறொரு கோணம் என்று விளிம்பு மெல்ல வளைந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தலையில் எத்தனை எண்கள் இருந்தாலும் இதைத் திருத்த முடியாது.

எனவே வாங்குவதற்கு முன் உங்கள் ரம்பத்தின் காடியை வெர்னியர் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். தனியாக விற்கும் கேஜ்கள் அநேகமாக எல்லாமே முக்கால் அங்குல அகலமும் எட்டில் மூன்று அங்குல ஆழமும் கொண்ட காடிக்காகச் செய்யப்பட்டவை. நம் அளவில் 19 மில்லிமீட்டருக்கு 9.5 மில்லிமீட்டர். பெரிய வார்ப்பிரும்பு மேசை கொண்ட ரம்பங்களில் இந்த அளவு இருக்கும். தூக்கிச் செல்லும் சிறிய ரம்பங்களில் எப்போதும் அப்படி இருப்பதில்லை. சிலவற்றில் காடி ஒடுக்கமாகவும், சிலவற்றில் ஆழம் குறைவாகவும், சிலவற்றில் தகட்டை மடித்து உருவாக்கியதாகவும் இருக்கும். ரம்பத்தின் பெயரை மட்டும் பார்த்து “பொருந்தும்” என்று விற்பவர் சொல்வதை எடுத்துக்கொள்ளாமல், முன்னால், நடுவில், பின்னால் என மூன்று இடங்களில் அகலத்தையும், ஓரிடத்தில் ஆழத்தையும் அளந்து குறித்துக்கொள்வது நல்லது. காடியின் அடிப்பகுதி தலைகீழ் ‘டி’ வடிவில் அகன்றிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்படி இருந்தால், பட்டையின் முனையில் ஒரு வட்டத் தகடு வைத்த கேஜைத் தேர்ந்தெடுக்கலாம். பட்டையைப் பாதிக்கு மேல் வெளியே இழுத்தாலும் அந்தத் தகடு அதைத் தலைகுப்புற விழவிடாது.

இந்த விழும் விஷயம் சிறிய ரம்பம் வைத்திருப்பவர்களுக்கு முக்கியமானது. 600 மில்லிமீட்டர் நீள அலுமினிய ஃபென்ஸும் (மரம் சாய்ந்து நிற்கத் தலையில் பூட்டும் நீண்ட முகப்பு) கனமான தலையும் கொண்ட கேஜ், பெரிய மேசையில் அமைதியாக உட்காரும். பிளேடுக்கு முன்னால் ஒரு சாண் இடம் மட்டுமே உள்ள மேசையில் அதே கேஜை வைத்தால், பலகையின் எடையும் சேர்ந்து முன்பக்கம் தாழ்ந்து, பட்டை காடியிலிருந்து எழும்பப் பார்க்கும். அப்படிப்பட்ட ரம்பத்துக்குச் சிறிய தலையும் 450 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஃபென்ஸும் போதும். பெரியது வாங்கினால் பெருமையாக இருக்கும், வேலைக்கு உதவாது.

பட்டையின் தளர்வைச் சரிசெய்ய ஏதாவது ஓர் ஏற்பாடு கட்டாயம் இருக்க வேண்டும். சில கேஜ்களில் பட்டையின் பக்கவாட்டில் சிறிய நைலான் திருகுகள் இருக்கும். சிலவற்றில் வெட்டுப்பட்ட வட்டுகள் இருக்கும், நடுத்திருகை முடுக்கினால் அவை விரிந்து காடியின் சுவரைத் தொடும். ஸ்பிரிங் வைத்த குமிழ்களும் உண்டு. அவை எளிதாக ஓடினாலும், பக்கவாட்டில் அழுத்தம் வரும்போது உள்ளே அமுங்கிவிடுகின்றன என்பதால் எனக்கு அவற்றில் விருப்பமில்லை. திருகானாலும் வட்டானாலும் முடுக்கும் முறை ஒன்றுதான். ரம்பத்தின் மின்செருகியைக் கழற்றிவிட்டு, பட்டையைக் காடியில் வைத்து முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்க வேண்டும். காடி முழு நீளத்துக்கும் ஒரே அகலமாக இருப்பது அபூர்வம். எங்கோ ஓரிடத்தில் சற்றுப் பிடிக்கும். அந்த இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு திருகையும் கால் சுற்றுக்கும் குறைவாக முடுக்கி, தலையைப் பிடித்து இடம் வலமாக அசைத்தால் ‘டக்’ என்ற சத்தம் வராத, ஆனால் ஒரு விரலால் தள்ளினால் நகரக்கூடிய நிலையில் விட்டுவிட வேண்டும். இடப்பக்கக் காடியும் வலப்பக்கக் காடியும் நூலளவு வேறுபடலாம் என்பதால், ஒரு காடிக்குச் சரிசெய்ததை மற்றதிலும் அப்படியே ஓட்டலாம் என்று எண்ண வேண்டாம்.

அடுத்து தலை. கோணத்தை நிறுத்தும் முறைகளில் இரண்டு வகை பரவலாக இருக்கிறது. துளைக்குள் ஊசி இறங்குவது ஒன்று. ஆப்பு வடிவப் பள்ளத்துக்குள் ஆப்பு வடிவ முனை இறங்குவது மற்றொன்று. துளைக்கும் ஊசிக்கும் நடுவே சிறிதாவது இடைவெளி இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஊசி இறங்காது. நாள்பட அது தேய்ந்து பெரிதாகும். ஆப்பு வடிவத்தில் அந்த இடைவெளி இல்லை, தேய்ந்தாலும் முனை இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கிப் பிடித்துக்கொள்ளும். இன்க்ரா நிறுவனத்தின் வி27 இந்த இரண்டாம் வகை: இரு பக்கமும் 60 பாகை வரை ஐந்து ஐந்து பாகையாகவும், கூடவே 22.5 பாகையிலும் பள்ளங்கள் உள்ளன. சதுரத்துக்கு 45, அறுகோணத்துக்கு 30, எண்கோணத்துக்கு 22.5 என்று நமக்கு வேண்டியது எல்லாம் அதிலேயே கிடைத்துவிடும். ஐங்கோணத்துக்கு 36 பாகை வேண்டும்; அதற்கு ஒவ்வொரு பாகைக்கும் பள்ளம் உள்ள வி120 போன்றது வேண்டும். எழுகோணத்துக்கு 25.71 பாகை, எந்தப் பள்ளமும் உதவாது. எழுகோணத்தில் பீடம் வேண்டும் என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. க்ரெக் நிறுவனத்தின் கேஜில் குறைவான நிறுத்தங்களும், பத்தில் ஒரு பாகை வரை படிக்கக்கூடிய வெர்னியர் அளவுகோலும் இருக்கின்றன. ஆஸ்போர்ன் ஈபி-3 வேறு வழியில் போகிறது: அதன் ஃபென்ஸை முக்கோணமாக இரண்டு கைகள் தாங்குவதால், நீளமான பலகையின் எடையில் ஃபென்ஸ் வளைவதில்லை.

ஷோப்பி, லஸாடா போன்ற இணையக் கடைகளில் வி27 போலவே தோற்றம் கொண்ட, பெயர் தெரியாத கேஜ்கள் அதன் விலையில் ஒரு பகுதிக்கே கிடைக்கின்றன. அவற்றை ஒரேயடியாக ஒதுக்கத் தேவையில்லை. தலையும் பள்ளங்களும் இயந்திரத்தில் வெட்டப்படுபவை என்பதால், ஒரு பள்ளத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள கோணம் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்படியே இருக்கிறது. குறை வருவது வேறிடத்தில்: பட்டை நேராக இருக்காது, ஃபென்ஸின் முகம் நடுவில் குழிந்திருக்கும், நீளம் பிடிக்க மரத்தின் முனையை முட்டவைக்கும் தடுப்புக் கட்டை பூட்டிய பிறகும் அசையும். பொருள் கைக்கு வந்ததும் ஃபென்ஸின் முகத்தில் ஒரு நல்ல எஃகு அளவுகோலை நிறுத்தி, பின்னால் கைப்பேசி விளக்கைப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் திருப்பி அனுப்புவதற்கான அவகாசம் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். ஃபென்ஸ் நேராக இருந்து மற்றவை சுமாராக இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

தடுப்புக் கட்டைக்கு நான் தரும் மதிப்பு பாகை எண்களுக்குத் தருவதைவிட அதிகம். படச் சட்டத்தில் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒரே நீளத்தில் இருந்தே ஆக வேண்டும். 45 பாகை அப்பழுக்கில்லாமல் விழுந்திருந்தாலும், ஒரு பக்கம் மற்றதைவிட ஒரு மில்லிமீட்டர் நீண்டிருந்தால் மூலைகள் திறந்துகொள்ளும். பக்கத்தின் நீளம் 402 மில்லிமீட்டரா 403 மில்லிமீட்டரா என்பது அவ்வளவு முக்கியமல்ல, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தடுப்புக் கட்டையை ஒருமுறை பூட்டிவிட்டு, எதிரெதிர்ப் பக்கங்களை அடுத்தடுத்து வெட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஃபென்ஸின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் அளவு நாடாவை 90 பாகை வெட்டுக்கு மட்டும் நம்புங்கள். தலையைத் திருப்பினால் ஃபென்ஸின் முனை பிளேடில் இடிக்கும் என்பதால் ஃபென்ஸை நகர்த்த வேண்டியிருக்கும்; நகர்த்திய கணமே அந்த நாடாவின் எண்களுக்கு அர்த்தம் போய்விடும்.

பிளேடு காடிக்கு இணையாக இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேஜும் பயன்படாது. எனவே சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் பிளேடின் ஒரு பல்லில் மார்க்கரால் அடையாளமிட்டு, காடியின் சுவரிலிருந்து அந்தப் பல் வரை உள்ள தூரத்தை முன்பக்கத்தில் அளக்க வேண்டும். பிறகு பிளேடைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளக்க வேண்டும். ஒரே பல்லை அளப்பதற்குக் காரணம், பிளேடில் இருக்கக்கூடிய நெளிவு கணக்கில் கலந்துவிடக் கூடாது என்பதுதான். இரண்டும் ஒன்றானால் அடுத்த வேலைக்குப் போகலாம். இல்லாவிட்டால் ரம்பத்தின் கையேட்டில் சொல்லியபடி பிளேடைத் தாங்கும் பாகத்தின் போல்ட்டுகளைத் தளர்த்திச் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகுதான் கேஜின் 90 பாகை. மூலைமட்டத்தைப் பல்லில் படாமல் பிளேடின் தகட்டில் சாய்த்து, மறு விளிம்பு ஃபென்ஸில் ஒட்டி நிற்கும்படி தலையை இறுக்கினால் தொடக்கத்துக்குப் போதும்.

உண்மையான சோதனை மரத்தை வெட்டித்தான் தெரியும். சிறிய மேசையில் வைக்கக்கூடிய அளவுக்கு, 250 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு பிளைவுட் துண்டை எடுத்து, நான்கு பக்கங்களுக்கும் ஒன்று முதல் நான்கு வரை எண் எழுதிக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தை மெலிதாகச் சீவிவிட்டு, சீவிய விளிம்பு ஃபென்ஸில் சாயும்படி திருப்பி அடுத்த பக்கத்தைச் சீவ வேண்டும். இப்படியே நான்கு பக்கமும் முடிந்த பிறகு, ஐந்தாவதாக முதல் பக்கத்திலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கீற்றை வெட்டி எடுக்க வேண்டும். கீற்றின் எந்த முனை முன்பக்கம், எது பின்பக்கம் என்று வெட்டுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். இரு முனைகளின் அகலத்தையும் காலிப்பரால் அளந்து, வித்தியாசத்தை நான்கால் வகுத்தால், அந்த 250 மில்லிமீட்டர் நீளத்தில் கேஜ் எவ்வளவு விலகுகிறது என்பது வந்துவிடும். வித்தியாசம் 0.4 மில்லிமீட்டர் என்றால் விலகல் 0.1 மில்லிமீட்டர், அதாவது 0.02 பாகை அளவு. மரவேலைக்கு அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். 90 பாகை சரியாக விழுந்துவிட்டால், பள்ளங்கள் ஒழுங்காக வெட்டப்பட்ட கேஜில் 45 பாகை தானாகவே அருகில் வந்து நிற்கும். சந்தேகம் இருந்தால் அகலமான துண்டுகளில் ஒரு சின்னச் சட்டம் வெட்டி, நூல் நாடாவால் இறுக்கிக் கடைசி மூலையைப் பாருங்கள்.

45 பாகையில் வெட்டும்போது பிளேடின் இழுப்பில் மரம் ஃபென்ஸின் மேல் வழுக்கி நகரும். அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாது, மூலையில்தான் தெரியும். ஃபென்ஸின் முகத்தில் ஒரு மரப் பட்டையைத் திருகி, அதன் மேல் 120 எண் உப்புத்தாளை ஒட்டிவிட்டால் பிடிமானம் வந்துவிடும். அந்தப் பட்டையின் முனையைப் பிளேடே ஒருமுறை வெட்டிவிடட்டும். அப்போது வெட்டுக் கோடு எங்கே விழும் என்பது சரியாகத் தெரிவதோடு, மரத்தின் பின் விளிம்பில் நார் பிய்ந்து வருவதும் குறையும். பிளேடு 60 அல்லது 80 பல் உள்ளதாக இருக்க வேண்டும். நெடுக்காக அறுப்பதற்கான 24 பல் பிளேடில் சாய்வு வெட்டு அழகாக வராது.

இங்கே நம் கைக்கு எளிதாகக் கிடைப்பது ரப்பர் மரம். 1877இல் பக்கத்துக் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளோடு தொடங்கிய பயிர், பால் வற்றி ஏறத்தாழ 25 ஆண்டுகளில் வெட்டப்படும்போது நல்ல பலகையாகிறது. நிறமும் இழையும் சட்ட வேலைக்குப் பொருத்தமானவை. ஆனால் நெடுக்காக அறுத்த உடனே சில துண்டுகள் வில்லாக வளைந்துகொள்ளும் குணம் அதற்கு உண்டு. வளைந்த துண்டு ஃபென்ஸில் இரு முனைகளில் மட்டும் தொட்டு நிற்கும், அல்லது நடுவில் மட்டும் தொட்டு ஆடும். கேஜ் 45 பாகையைக் காட்டும், மரம் வேறொன்றாக வெட்டுப்படும். அதனால் அறுத்த துண்டுகளை இரண்டொரு நாள் விட்டுவைத்து, வளைந்தவற்றைச் சிறு வேலைகளுக்கு ஒதுக்கி, நேராக நின்றவற்றை மட்டும் சாய்வு வெட்டுக்கு எடுப்பது என் வழக்கம்.

தட்டையான மரமாக இருந்தால், ஒரு முனையை வெட்டிவிட்டு மரத்தைப் புரட்டி மறு முனையையும் அதே நிலையில் வெட்டலாம். கண்ணாடிக்குக் காடி எடுத்த, முகத்தில் அலங்கார வளைவு உள்ள சட்டங்களைப் புரட்ட முடியாது. ஒரு முனைக்குத் தலையை இடப்பக்கமும் மறு முனைக்கு வலப்பக்கமும் திருப்பியாக வேண்டும். இரு பக்கத்துப் பள்ளங்களும் ஒரே அளவில் பிழையாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாததால், அப்படிப்பட்ட வேலை தொடர்ந்து வருபவர்கள் இரண்டு ஃபென்ஸ்களைத் தமக்குள் 90 பாகையாகப் பூட்டிய, மரத்தைத் தன்மேல் ஏற்றிக் காடியில் ஓடும் ஒரு தள்ளுபலகை செய்துகொள்வதே மேல்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மைட்டர் கேஜால் குறுக்கே வெட்டும்போது, நெடுக்கு வெட்டுக்கான பக்க ஃபென்ஸில் மரத்தின் மறு முனையை முட்டவைத்து நீளம் பிடிக்கக் கூடாது. வெட்டுப்பட்ட துண்டு பிளேடுக்கும் அந்த ஃபென்ஸுக்கும் நடுவே சிக்கிக் கோணலானால் நம்மை நோக்கி எகிறும். பக்க ஃபென்ஸைத்தான் அளவுக்குப் பயன்படுத்த வேண்டும் என்றால், பிளேடுக்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடும் ஒரு கட்டையை அதில் பூட்டி, அந்தக் கட்டையில் முட்டவைத்து அளவு பிடித்தால், வெட்டு தொடங்குமுன் மரம் அதைவிட்டு விலகிவிடும். வெட்டி விழுந்த சிறு துண்டை, பிளேடு முழுதாக நிற்கும் வரை விரலால் ஒதுக்க வேண்டாம்.

நம் ஊர் ஈரக் காற்றில் மரப்பட்டை ஓடும் தள்ளுபலகைகள் மழைக்காலத்தில் இறுகி, வெயிலில் தளர்ந்து படுத்தும். கேஜின் உலோகப் பட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இரும்புப் பட்டையும் வார்ப்பிரும்பு மேசையும் துருப்பிடிக்கும். காடிக்குள் பிரஷ் விட்டுத் தூளை எடுத்துவிட்டு, மெழுகைத் தடவித் துணியால் தேய்த்துவிட்டால் பட்டை வழுக்கிக்கொண்டு ஓடும். சிலிக்கோன் கலந்த தெளிப்பான்களை மேசையில் அடிக்காதீர்கள். அது மரத்தில் ஒட்டிக்கொண்டு பிறகு வார்னிஷ் பிடிக்காமல் திட்டுத் திட்டாக விலகும்.

அலமாரிப் பலகை போன்ற அகலமானவற்றுக்கு இந்த கேஜை எடுக்க வேண்டாம். சிறிய மேசையில் 300 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் போனால் பட்டை வெளியே தொங்கத் தொடங்கிவிடும். அதற்குக் கைவட்ட ரம்பமும் ஒரு நேரான பட்டையும் போதும்.